டிபி பிரவுசர்: அதே கோப்பு உபுண்டுவில் திறக்கிறது, என் விண்டோஸில் திறக்கவில்லை. தரவு கெட்டுப்போச்சா?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரில் வார இறுதிகளில் ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் இருக்கிறேன். பி.எச்., கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை எல்லாம் ஒரே எஸ்க்யூலைட் (ஒற்றைக் கோப்பில் இருக்கும் தரவுத்தளம்) கோப்பில் சேர்கின்றன. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து பதிவுகளைச் சரிபார்ப்பதுதான் என் பொறுப்பு.

குழுவில் பைத்தான் நிரல்மொழி தெரிந்த தம்பி ஒருவர் போன மாதம் அட்டவணைகளைப் புதிதாக அமைத்தார். அதிலிருந்து என் விண்டோஸ் லேப்டாப்பில் கோப்பு திறப்பதில்லை. என்னிடம் இருப்பது டிபி பிரவுசர் 3.12.2. அவருடைய உபுண்டு 22.04 (லினக்ஸ்) கணினியிலும் 3.12 வரிசைதான், அங்கே பிரச்சினையே இல்லை. என்னிடம் கிடந்த பழைய எஸ்க்யூலைட் கட்டளைவரிக் கருவியில் போட்டுப் பார்த்தால் “மால்ஃபார்ம்டு டேட்டாபேஸ் ஸ்கீமா” என்றும், “நியர் ஸ்ட்ரிக்ட்: சின்டாக்ஸ் எரர்” என்றும் வருகிறது. பல பேர் வெயிலில் நின்று எடுத்த அளவீடுகள் இவை. போய்விட்டதா?

எச்எஸ்ஆர்_லேஅவுட்:
மால்ஃபார்ம்டுன்னா கோப்பு கரப்ட்தாங்க. ரிகவர் கட்டளை போட்டு மிச்சத்தை எடுத்துடுங்க.

மடிவாளா_டெவ்:
மேடம், தயவுசெய்து ரிகவர் எதுவும் போடாதீங்க. உங்க தரவு பத்திரமா இருக்கு.

கோப்பு நிஜமா சிதைஞ்சிருந்தா வழக்கமா வர்ற வாசகம் “டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் ஈஸ் மால்ஃபார்ம்டு”. உங்களுக்கு வந்தது ஸ்கீமா (அட்டவணைகளின் அமைப்பு) பற்றியது. அதாவது அட்டவணையை உருவாக்கிய கிரியேட் டேபிள் வரியில ஒரு சொல் அந்தப் பழைய எஸ்க்யூலைட்டுக்குப் புரியல. எந்தச் சொல்னு பிழையே சொல்லுது: ஸ்ட்ரிக்ட்.

ஒவ்வொரு பத்தியிலும் சொன்ன வகைத் தரவை மட்டும் ஏற்கிற ஸ்ட்ரிக்ட் அட்டவணைகள் எஸ்க்யூலைட் 3.37.0-ல், 2021 நவம்பர்ல வந்தவை. டிபி பிரவுசர் 3.12.2 வெளியானது அதே வருஷம் மே மாசம். விண்டோஸ் நிறுவல்ல எஸ்க்யூலைட் உள்ளேயே கட்டி வருது. அதனால உங்க 3.12.2-க்குள்ள இருக்கிற எஸ்க்யூலைட்டுக்கு ஸ்ட்ரிக்ட்னா என்னன்னே தெரியாது. உபுண்டு தொகுப்பு அப்படி இல்ல, கணினியில ஏற்கெனவே இருக்கிற எஸ்க்யூலைட் நூலகத்தைப் பயன்படுத்திக்கும். 22.04-ல அது 3.37.2. மயிரிழைல தப்பிச்சிருக்கார் தம்பி. அவரே 20.04 வெச்சிருந்தா அங்கேயும் இதே கதைதான்.

ஹெல்ப் மெனுவில் அபவுட் திறந்து பாருங்க. டிபி பிரவுசர் பதிப்புக்குக் கீழே எஸ்க்யூலைட் பதிப்பு தனியா இருக்கும். இந்த மாதிரிச் சிக்கல்ல பார்க்க வேண்டிய எண் அதுதான். உதவி கேட்கும்போதும் ரெண்டையும் எழுதுங்க.

தீர்வு: டிபி பிரவுசர் 3.13 வரிசைக்கு மாறுங்க.

அல்சூர்வாசி:
போன உயிர் வந்தது சார், மிக்க நன்றி. தம்பியிடம் கேட்டேன், ஸ்ட்ரிக்ட் போட்டதற்கு நல்ல காரணம் சொன்னார். முன்பு பி.எச். பத்தியில் யாரோ “பார்க்கவில்லை” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்க்யூலைட் அதை வாங்கிக்கொண்டு, சராசரி எடுக்கும்போது பூஜ்யமாகக் கணக்கிட்டுவிட்டது. ஸ்ட்ரிக்ட் போட்டால் எண் பத்தியில் எழுத்தை ஏற்காதாமே? அதனால் அதை எடுக்கச் சொல்ல மனமில்லை.

இன்னொரு சிக்கல்: இது அலுவலக லேப்டாப், எதையும் நிறுவ எனக்கு அனுமதி கிடையாது.

மடிவாளா_டெவ்:
எடுக்கவே வேண்டாம், தம்பி செஞ்சது சரி. பார்க்காத இடத்துல நல் (NULL, அதாவது வெற்று மதிப்பு) விடச் சொல்லுங்க. சராசரி அதைக் கணக்குல சேர்க்காது.

நிறுவல் இல்லாத ஜிப் வடிவமும் வெளியீட்டுப் பக்கத்துலயே இருக்கு. ஒரு ஃபோல்டர்ல விரிச்சு நேரா ஓட்டலாம். அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.

எச்எஸ்ஆர்_லேஅவுட்:
2021-க்கு அப்புறம் அடுத்த பெரிய வெளியீடு 2024 ஜூலைலதானே? மூணு வருஷம். நின்னுபோன திட்டத்தை நம்பி ஏன் இருக்கணும்? டிபீவர்னு இன்னொரு தரவுத்தளக் கருவி இருக்கே, அதைப் போட்டுக்கலாமே.

ஃப்ரேசர்டவுன்_இரவுப்பணி:
டிபீவர் நல்ல கருவி, பல வகைத் தரவுத்தளங்களோட வேலை செய்றவங்களுக்கு அது பொருத்தம். ஆனா “நின்னுபோனது”ங்கிறதை என்னால ஒத்துக்க முடியாது. அந்த மூணு வருஷமும் மூலநிரல் இருக்கிற கிட்ஹப் தளத்துல மாற்றங்கள் சேர்ந்துக்கிட்டேதான் இருந்தது, நைட்லி பதிப்புகளும் (அன்றாடச் சோதனைப் பதிப்புகள்) வந்துக்கிட்டே இருந்தது. நிலையான வெளியீடு மட்டும்தான் தள்ளிப்போச்சு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் கட்டி, சோதிச்சு, மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வெளியிடுறது தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்துல செய்ற வேலை. 2003-ல் மவுரிசியோ பியாசென்டினி தொடங்கின கருவி இது. இருபது வருஷத்துக்கு மேல கைமாறிக் கைமாறி வந்தும் இன்னைக்கும் இலவசமா, மூலநிரல் திறந்தபடி இருக்கு. எனக்கு இது மேல பெரிய மரியாதை உண்டு.

3.13.0-க்குப் பின்னாடி அக்டோபர்ல 3.13.1-ம் வந்தாச்சு. மேடம் அதையே எடுக்கலாம். நைட்லி எடுத்தா முக்கியக் கோப்பின் நகல்ல மட்டும் ஓட்டுங்க.

அல்சூர்வாசி:
அலுவலகத்தில் கேட்டுவிட்டு 3.13.1 ஜிப்பை விரித்தேன், கோப்பு திறந்துவிட்டது! ஆனால் போன ஞாயிறு எடுத்த அளவீடுகளைக் காணவில்லை. தம்பி கணினியில் அவை இருக்கின்றன. கோப்பை அவர் கூகுள் டிரைவில் போட்டார், நான் இறக்கிக்கொண்டேன்.

மடிவாளா_டெவ்:
அவர் பக்கம் அதே ஃபோல்டர்ல, கோப்புப் பெயரோட கடைசியில “வால்” (wal) சேர்ந்த இன்னொரு கோப்பு இருக்கான்னு கேளுங்க. வால் முறையில புதுசா எழுதுற பதிவு முதல்ல அந்தத் துணைக் கோப்புக்குத்தான் போகும், அப்புறம்தான் மூலக் கோப்புல சேரும். பைத்தான் ஓடிக்கிட்டிருக்கும்போது மூலக் கோப்பை மட்டும் நகல் எடுத்தா கடைசிப் பதிவுகள் வராது. துணைக் கோப்பை அவர் அழிச்சுடாம பார்த்துக்கச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை அளவீடு இப்போ அதுக்குள்ளதான் இருக்கணும்.

அனுப்பறதுக்கு முன்னாடி நிரலை ஒழுங்கா மூடினா ரெண்டும் ஒண்ணாயிடும். மூட முடியாட்டி “வேக்கம் இன்டு” கட்டளைல புதுக் கோப்பு ஒண்ணு எழுதி அதை அனுப்பச் சொல்லுங்க. ஓடிக்கிட்டிருக்கும்போதே முழு நகல் கிடைக்கும்.

அல்சூர்வாசி:
சார், துணைக் கோப்பு இருந்தது. வேக்கம் இன்டு செய்து அனுப்பினார், ஞாயிறு பதிவுகள் மொத்தமும் வந்துவிட்டன. குழுவில் இன்னும் சிலரிடம் 3.12.2 இருக்கிறது, இன்றே அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.