புதுப்பிப்பு: வாழப்பாடியின் ஆங்கில எழுத்துக்கூட்டல் சிக்கல் தீர்ந்தது

மகளின் பிறப்புச் சான்றிதழில், சேலம் மாவட்டத்து ஊரான வாழப்பாடியின் ழகரம் ஆங்கிலத்தில் ‘எல்’ என்றும், ஆதாரில் ‘இசட் எச்’ என்றும் இருந்ததால் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிறுத்தப்பட்டதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. விண்ணப்பம் நேற்று ஏற்கப்பட்டது.

அரசாணையைக் காட்டும் யோசனை பலிக்கவில்லை. 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிய ஆணை 2020 ஜூனில் வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அரசிதழில் அறிவிப்பு வெளியிடும் யோசனையும் பொருந்தவில்லை; அது ஆள்பெயர் மாற்றத்துக்கானது.

பயன்பட்டது, தமிழ்ப் பகுதியைக் காட்டச் சொன்னவரின் யோசனைதான். இரண்டு ஆவணங்களிலும் தமிழில் ‘வாழப்பாடி’ என்று ஒன்றுபோலவே அச்சாகியிருந்ததைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, இரண்டு எழுத்துக்கூட்டல்களும் ஒரே ஊரையே குறிக்கும் என்று கிராம நிர்வாக அலுவலர் தந்த ஒரு பக்கச் சான்றையும் இணைத்துக் கொடுத்தேன். அதுவரை ‘எல்’ எழுத்தையும் ‘இசட்’ எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலர், தமிழ் வரியைப் படித்ததும் முத்திரையை எடுத்தார். நகல் எடுக்கும்போது தமிழ் வரி வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் நகலில் அது பாதி மறைந்திருந்தது.

சான்றுக்காகக் காத்திருந்தபோது பெரியவர் ஒருவர் மகுடஞ்சாவடியை நினைவூட்டினார். மக்டொனால்ட் என்ற வெள்ளைக்காரர் பெயரிலிருந்த சாவடி, நம்மவர் நாவில் மகுடம் சூடிக்கொண்டு, அதுவே அதிகாரப்பூர்வப் பெயராகவும் நிலைத்துவிட்டது. ரயில் நிலையத்தின் குறியீடு மட்டும், ‘மக்டொனால்ட்ஸ் சவுல்ட்ரி’ என்ற பழைய ஆங்கிலப் பெயரையொட்டி, இன்னும் ‘டி சி’ என்றே இருக்கிறது.