புனைபெயரில் எழுதியவர் இறந்துவிட்டால் இணையக் கணக்கு என்ன ஆகும்? கையாண்டவர்கள் சொல்லுங்கள்

அல்சூர் ஆந்தை:
பகலில் ஐடி கம்பெனி, ராத்திரி கவிஞர் என்று பெங்களூரில் முகமூடி போட்ட தமிழர்கள் ஏராளம். பாதிப் பேருக்கு வீட்டிலேயே தெரியாது. அப்படி ஒருவர் போய்விட்டால் அந்தப் பெயர் எங்கே மாட்டிக்கொள்கிறது? தத்துவம் வேண்டாம், நடைமுறை வேண்டும்.

ஜெயநகர் ஜமுக்காளம்:
ஃபேஸ்புக்கில்தான் பெரிய சிக்கல். நிறையப் பேர் சொந்தப் பெயரில் ஒரு கணக்கு வைத்து, அதிலிருந்து புனைபெயரில் ஒரு பேஜ் நடத்துவார்கள். இறந்த பிறகு வீட்டார் நல்லெண்ணத்தில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, சொந்தக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்வார்கள். பேஜுக்கு அவர் ஒருவரே அட்மின் என்றால் அந்தப் பேஜும் சேர்ந்து போய்விடும். பத்து வருட எழுத்து இருந்ததே வீட்டாருக்குத் தெரியாது, போனது மட்டும் எப்படித் தெரியும்? இன்னொருவருக்கு முழு அட்மின் உரிமை கொடுத்து வைப்பதுதான் வழி. 'லெகசி காண்டாக்ட்' (நமக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள நாமே குறித்து வைக்கும் ஆள்) போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவரால் முகப்புப் படத்தை மாற்ற முடியும், ஒரு பதிவை மேலே நிறுத்த முடியும். உள்ளே நுழையவோ மெசேஜ் படிக்கவோ முடியாது (ரகசியக்காரர்களுக்கு அது நிம்மதிதான்).

கே.ஆர்.புரம் கிளி:
முகமூடிக்காரர்களுக்குத் தோதானது கூகுளின் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்', அதாவது கணக்கு அசையாமல் கிடந்தால் அதில் உள்ளதை நாம் சொன்னவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. பெயரும் கேட்காது, சான்றிதழும் கேட்காது, கணக்கு சும்மா கிடக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 3, 6, 12, 18 மாதம் என்று கெடு வைக்கலாம், 10 பேர் வரை சேர்க்கலாம், யாருக்கு எது போகவேண்டும் என்று தனித்தனியே பிரிக்கலாம். கெடு முடிந்ததும் அவர்களுக்கு மெயில் போகும், 3 மாதத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

தப்பு நடக்கிற இடங்கள் இரண்டு. நாம் சேர்த்த ஆளின் ஃபோன் நம்பருக்குத்தான் சரிபார்ப்பு எண் வரும், அவர் நம்பர் மாற்றியிருந்தால் கதை முடிந்தது. அடுத்தது, இறந்தவரின் ஆண்ட்ராய்டு ஃபோனைக் குழந்தைகள் கேம் விளையாட எடுத்துக்கொள்வது. அந்தக் கணக்கு ஃபோனில் இருக்கும்வரை கூகுளைப் பொறுத்தவரை ஆள் உயிரோடு இருக்கிறார். கெடு ஓடவே ஓடாது. இந்த ஏற்பாடு எதுவும் செய்யாமல் 2 வருடம் சும்மா கிடந்தால் கணக்கையே கூகுள் அழிக்கலாம், அது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை.

சிவாஜிநகர் சுண்டல்:
முதல் வாரமே சிம்மை நிறுத்திவிடுகிறார்களே, அதைச் சொல்லுங்கப்பா! எல்லா ஓடிபியும் அதில்தான் வரும். ப்ரீபெய்ட் சிம் 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். அதன் பிறகு இன்னொரு 90 நாள் கழிந்தால் அந்த நம்பர் வேறு யாருக்கோ போகலாம். வாட்ஸப் 120 நாள் அசையாமல் இருந்தால் கணக்கு நீங்கும். ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் கிடையாது. புனைபெயர்க் கணக்கை ஆபீஸ் கொடுத்த நம்பரில் தொடங்கியிருந்தால்? வேலையை விட்ட அன்றே போச்சு, சாவு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜெயநகர் ஜமுக்காளம்:
பாஸ்வேர்டை உயிலில் எழுதாதீர்கள். ப்ரொபேட்டுக்கு (உயில் மெய்தான் என்று நீதிமன்றத்தில் உறுதி வாங்குவது) போனால் உயில் நீதிமன்ற ஆவணம், நகல் வாங்கிப் படிக்கலாம். பாஸ்வேர்டுப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். உயிலுக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். நம் ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) உயிலுக்குப் பொருந்தாது என்பதால் மின்கையெழுத்து செல்லாது, பேனாதான்.

அந்தப் பட்டியலில் இன்னொரு வரியும் வேண்டும்: அசல் பெயரை வெளியே சொல்லலாமா, கூடாதா? இது இல்லாமல்தான் அஞ்சலிப் பதிவில் யாராவது அவசரப்பட்டு ஆபீஸ் பெயரோடு போட்டுவிடுகிறார்கள்.

அல்சூர் ஆந்தை:
கூகுளின் ப்ளாகரில் வலைப்பூ வைத்திருப்பவர்களுக்கு?

கே.ஆர்.புரம் கிளி:
செட்டிங்ஸில் 'பெர்மிஷன்ஸ்' போய் ஒருவரை அழைத்து, அவர் ஏற்றுக்கொண்டதும் அட்மினாக உயர்த்துங்கள். ஏற்கிறாரா என்று பாருங்கள், அழைப்பு மெயில் ஸ்பாமில் தூங்கும். 'பேக்கப்' கோப்பில் பதிவுகளும் பின்னூட்டங்களும் வரும், படங்கள் வராது, அவற்றுக்குச் சுட்டி மட்டும்தான் இருக்கும். படங்களைத் தனியே எடுத்து வையுங்கள்.