கோவை – சான் பிரான்சிஸ்கோ: 16 மணி நேரமா, 26 மணி நேரமா?

கோபி அம்மிணி:
அக்கா பிரசவத்துக்கு அப்புச்சியும் அம்மாயியும் முதல் தடவையா சான் பிரான்சிஸ்கோ போறாங்க. கோயமுத்தூர்ல இருந்து தூரம் சுமார் 14,200 கிலோமீட்டர், பறக்கிற நேரம் 16 மணின்னு ஒரு தளத்துல போட்டிருக்கு. டிக்கெட் போடறவரு சிங்கப்பூர் வழியா 26 மணிங்கறாரு. "மிச்சம் பத்து மணி நேரம் எங்க கண்ணு நிறுத்தி வெக்கறாங்க?"ன்னு அப்புச்சி கேக்கறாரு. இன்னொண்ணு, சிங்கப்பூர்ல காலைல 9 மணிக்கு ஏறி, அதே தேதி காலைல 9 மணிவாக்குல இறங்கறாப்பல இருக்குது. அச்சுப்பிழைங்களா?

பீளமேட்டுக்காரன்:
அந்த 16 மணி நேரத்துல போற விமானமே கோயமுத்தூர்ல கிடையாதுங்க அம்மிணி. பூமி உருண்டை மேல ரெண்டு ஊருக்கும் நூல் புடிச்சு, வந்த தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்துப் போட்டிருப்பாங்க. அந்த நூல் சிங்கப்பூர் பக்கமே வராது. திபெத், மங்கோலியா, சைபீரியான்னு வடக்கால ஏறி, அலாஸ்கா பக்கமா இறங்கும். 2021 ஜனவரில சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு முதல் நேர் விமானத்தை ஏர் இந்தியா விட்டப்ப, வட துருவத்துக்கு மேலயே கொண்டாந்தாங்க. ஓட்டுனது நாலும் பொம்பளைங்க! நம்ம கோயமுத்தூர் விமான நிலையம் இருக்கற பீளமேட்டுல இருந்து அப்படி ஒண்ணு கெளம்பறத நான் பாப்பேன்னு தோணலை.

உங்க வழியில கோவை–சிங்கப்பூர் 3,150 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து 13,600. நேர்க்கோட்டை விட 2,500 கிலோமீட்டர் சுத்து. பறக்கறது மட்டுமே 20 மணி நேரம் ஆயிரும். அப்புச்சிகிட்ட சொல்லுங்க, அந்தப் பத்துல நாலு மணி நேரம் சுத்துக்கு, ஆறு மணி நேரம் சாங்கில, அதான் சிங்கப்பூர் விமான நிலையத்துல, உக்கார.

தேதி சரிதானுங்க. கோடையில கலிபோர்னியா சிங்கப்பூருக்கு 15 மணி நேரம் பின்னால. பறக்கறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதான் கடிகாரம் நகராத மாதிரி தெரியுது. திரும்பறப்ப எதிர்காத்து, ரெண்டு மணி நேரம் கூட ஆகும். தேதியும் ஒண்ணு தாவிரும்.

பவானிக்காரர்:
எதுக்குங்க சிங்கப்பூர்? கார்ல பெங்களூரு போயி, அந்த நேர் விமானம் இப்பவும் இருந்தா அதைப் புடிச்சா சுத்து மிச்சமாகுமே.

பீளமேட்டுக்காரன்:
ஏனுங்க, வயசானவங்கள சேலம், ஓசூர் தாண்டி பெங்களூரு நெரிசல்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறதா? விமான நிலையம் ஊருக்கு வடக்கால தேவனஹள்ளில இருக்குது, ஊரையே தாண்டோணும். கோபில இருந்து சித்ராவுக்கு, அதான் கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு, ரெண்டு மணி நேரத்துல வந்தரலாம். என் சம்சாரத்தை நான் எப்பவும் சிங்கப்பூர் வழியாத்தான் அனுப்பறேன்.

கோபி அம்மிணி:
ரொம்ப நன்றிங்கண்ணா. அப்புச்சிக்கு முட்டி வலி வேற. சாங்கில நடக்கோணுமா?

பீளமேட்டுக்காரன்:
நெறைய நடக்கோணும். ரெண்டு பேருக்கும் சக்கர நாற்காலி வேணும்னு டிக்கெட் போடறப்பவே சொல்லிப்போடுங்க. ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்ல இருக்கட்டும், பொட்டி சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் போகுமான்னு கோயமுத்தூர் கவுன்டர்லயே கேட்டுக்கச் சொல்லுங்க. சக்கரை மாத்திரை சாப்பிடறாரா? அப்படின்னா எந்த நேரக் கணக்குல போடறதுன்னு இப்பவே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்குங்க.