டைமிங் பெல்ட் மாற்றியபின் ஐடிலில் மட்டும் வண்டி நடுங்குகிறது

மூன்றாம்கியர்:
1.6 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், ஆட்டோமேட்டிக். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றக் கொடுத்தேன், வால்வ் கவர் ஓரம் ஆயில் கசிந்துகொண்டிருந்ததால் அந்தப் பேக்கிங்கையும் மாற்றிவிடச் சொன்னேன். அதற்காக இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருந்ததாம், அப்படியே த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து நான்கு பிளக்கும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் 600க்கும் 900க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, டி-யில் வைத்து பிரேக்கை மிதித்திருந்தால் ஸ்டியரிங், சீட் எல்லாம் நடுங்குகிறது. 2000 தாண்டி ரேஸ் கொடுத்தால் ஒன்றும் தெரியவில்லை, இழுவையும் குறையவில்லை. செக் இன்ஜின் லைட் எரியவில்லை.

வேலை பார்த்தவர் "ஓட ஓட செட் ஆகிவிடும்" என்கிறார். தெரிந்தவர் ஒருவர் இன்ஜெக்டரை மாற்று என்கிறார், இன்னொருவர் பெட்ரோல் பம்ப் என்கிறார். எதில் ஆரம்பிப்பது? கையில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் இருக்கிறது, கோட் பார்ப்பதைத் தவிர அதில் எதுவும் எனக்குத் தெரியாது.

கிரீஸ்கை:
இன்ஜெக்டரையும் பம்ப்பையும் இப்போதைக்கு விடுங்கள். ரிப்பேருக்கு முந்தின நாள் வரை ஒழுங்காக இருந்த சாமான் ரிப்பேர் நாளில் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். கை பட்ட இடம்தான் முதல் சந்தேகம், உங்கள் வண்டியில் கை படாத இடம் கொஞ்சம்தான் பாக்கி.

"ஓட ஓட செட் ஆகும்" என்பது பாதி உண்மை. எலக்ட்ரானிக் த்ராட்டிலில் கரி படியப் படிய கண்ட்ரோல் யூனிட் பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து ஐடிலைச் சமாளித்துக்கொண்டிருக்கும். கரியைத் துடைத்ததும் அதே திறப்பில் காற்று கூடுதலாகப் போகும், ஐடில் ஏறும் அல்லது மேலும் கீழும் ஆடும். சில வண்டிகள் கொஞ்சம் ஓடியதும் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஸ்கேனர் போட்டு ஐடில் ரீலேர்ன் செய்தே ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் இத்தனை நடுக்கத்துக்கு அது மட்டுமே காரணம் என்று நான் நம்பமாட்டேன்.

எனக்குப் படுவது எங்கோ ஏர் வாங்குகிறது. மேனிஃபோல்டைக் கழற்றியபோது பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருக்கலாம், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்) காய்ந்து விரிசல் விட்டிருக்கலாம், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் சரியாக உட்காமல் இருக்கலாம், இன்ஜெக்டர் ஓ-ரிங் மடங்கியிருக்கலாம். ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் வாக்குவம் பலமாக இருக்கும், இன்ஜின் மொத்தமாக இழுக்கும் காற்றும் கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டை வழியாக வரும் காற்று கூடப் பெரிய பங்காகிவிடும். ரேஸ் கொடுத்தால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. நீங்கள் சொல்லும் அறிகுறி அதோடு ஒத்துப்போகிறது.

கோட் இல்லை என்றாலும் ஸ்கேனர் உதவும். லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்று இரண்டு எண் இருக்கும், கண்ட்ரோல் யூனிட் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (-) என்பதுதான் அது. வண்டி நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஒருமுறை, 2500ல் பிடித்து ஒருமுறை, இரண்டையும் குறித்துப் போடுங்கள். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கவுண்ட் காட்டினால் எந்த சிலிண்டரில் ஏறுகிறது என்பதையும் எழுதுங்கள். உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சர் வண்டியா, மேனிஃபோல்டு பிரஷரை அளக்கும் மேப் சென்சர் மட்டும் உள்ள வண்டியா என்பதும் தெரிய வேண்டும்.

பழைய ஸ்பேனர்:
ஏர் லீக் இருக்கலாம், ஆனால் டைமிங் பெல்ட் வேலைக்குப் பிறகு ஐடில் சரியில்லை என்றால் நான் முதலில் டைமிங் மார்க்கைத்தான் (கிராங்க், கேம் இரண்டும் சரியாகப் பொருந்துகிறதா என்று காட்டும் குறிகளை) பார்ப்பேன். கேம் புல்லியில் 48 பல் இருந்தால் ஒரு பல் தள்ளிப் போட்டது கேமில் 7.5 டிகிரி, கிராங்க் கணக்கில் 15 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஐடில் மட்டும் கரடுமுரடாக இருக்கும். கிராங்க்கும் கேமும் பொருந்தவில்லை என்று சொல்லும் பி0016 கோட் எல்லா வண்டியிலும் உடனே விழுந்துவிடாது. மேல் கவரை மட்டும் திறந்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க் மார்க்கும் கேம் மார்க்கும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் போட்டவரே இதைச் செய்திருக்க வேண்டும்.

வாக்குவம் கேஜ் கிடைத்தால் இன்னும் சுலபம். கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 இஞ்ச் (பாதரச அளவில்) வரை ஆடாமல் காட்டும், உயரமான ஊர் என்றால் ஆயிரம் அடிக்கு ஒரு இஞ்ச் குறைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைவாக, ஆனால் ஆடாமல் நின்றால் டைமிங் பக்கம் போங்கள். அதுவும் ஏர் லீக்கிலும் முள் தாழ்வாக நிற்கும் என்பதால் கேஜை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

புதுப் பிளக்கையும் விட்டுவிடாதீர்கள். போடும்போது கீழே விழுந்து பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலே ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கும்.

மூன்றாம்கியர்:
ஏர் ஃப்ளோ சென்சர் வண்டிதான். ஐடிலில் லாங் டெர்ம் +16, ஷார்ட் டெர்ம் +4க்கும் +8க்கும் நடுவே ஆடுகிறது. 2500ல் லாங் டெர்ம் +3, ஷார்ட் டெர்ம் ஏறக்குறைய பூஜ்ஜியம். மிஸ்ஃபயர் எந்த ஒரு சிலிண்டரிலும் தனியாக ஏறவில்லை, நான்கிலும் அங்கொன்று இங்கொன்று. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை மேனிஃபோல்டைச் சுற்றி அடித்தால் தெரிந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், செய்யலாமா?

கிரீஸ்கை:
சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அதை அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். புகை விட்டுப் பார்க்கும் மெஷின் இருக்கும் இடத்தில் கொடுத்தால் சில நிமிஷத்தில் ஓட்டையில் புகை வரும், அதுதான் சுத்தமான வழி. அது கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வாக்குவம் ஹோஸாக இடுக்கியால் நெரித்துப் பாருங்கள், எதை நெரிக்கும்போது ஐடில் திருந்துகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. பர்ஜ் வால்விலிருந்து (பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வ்) வரும் ஹோஸையும் இதே மாதிரி பாருங்கள், அந்த வால்வ் திறந்தே சிக்கிக்கொண்டாலும் ஐடில் கெடும்.

உங்கள் எண்கள் தெளிவாக இருக்கின்றன. ஐடிலில் மொத்தம் 20க்கு மேல் பெட்ரோல் சேர்க்கிறது, 2500ல் அந்தத் தேவை இல்லை. சென்சர் அளக்காத காற்று உள்ளே வருகிறது என்றுதான் அர்த்தம். பம்ப் பலவீனம் என்றால் கதை தலைகீழாக இருக்கும், லோடு ஏற ஏறத்தான் ட்ரிம் ஏறும். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் பி0171 (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்ற கோட்) விழுந்திருக்கும், அந்த அளவை எட்டாததால்தான் லைட் எரியவில்லை. மேப் சென்சர் மட்டும் உள்ள வண்டியாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே லீக் காற்றும் மேனிஃபோல்டு பிரஷரில் தெரிந்துவிடுவதால் ஐடில் ஏறி நிற்குமே தவிர ட்ரிம் இந்த அளவு போகாது.

பழைய ஸ்பேனர்:
இந்த எண்ணைப் பார்த்தபின் நானும் லீக் பக்கம்தான். மார்க்கை அப்புறம் பார்க்கலாம், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள்.

ஒன்று மட்டும், இடையில் எப்போதாவது செக் இன்ஜின் லைட் மின்னி மின்னி எரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

மூன்றாம்கியர்:
பிசிவி ஹோஸ்தான். மேனிஃபோல்டுக்கு அடியில் வளையும் இடத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது, மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது. புது ஹோஸ் போட்டு ரீலேர்னும் செய்தாயிற்று. முள் இப்போது 720ல் நிற்கிறது, ஐடிலில் இரண்டு ட்ரிம்மும் சேர்த்து +4. டைமிங் மார்க்கும் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. ஆனால் டி-யில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுக்கம் குறைந்திருக்கிறதே தவிர போகவில்லை. என்-னுக்கு மாற்றினால் சுத்தமாக நின்றுவிடுகிறது.

பழைய ஸ்பேனர்:
முள் ஆடாமல் உடம்பு மட்டும் ஆடினால் அது இன்ஜின் ஓட்டத்தின் குறை இல்லை, இன்ஜினைப் பிடித்திருக்கும் மவுண்டிங்கில் குறை. குறுக்கே வைத்த இன்ஜின் பெரும்பாலானவற்றில் டைமிங் பெல்ட்டைக் கழற்ற அந்தப் பக்க மவுண்டிங்கைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது இன்ஜின் கொஞ்சம் கோணலாகத் தொங்கிய நிலையில் போல்ட்டை முறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கேறியபடியே நிற்கும், டி-யில் லோடு விழும்போது அதிர்வு முழுக்க பாடிக்குப் போகும்.

ஆயில் சம்ப்புக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கில் இன்ஜினின் எடையைத் தாங்கிக்கொண்டு, மவுண்டிங் போல்ட்டுகளையும் கீழே உள்ள டார்க் ராடையும் (இன்ஜின் முன்பின் ஆடாமல் பிடிக்கும் கம்பி) தளர்த்தி, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து அது தன் இடத்தில் உட்கார்ந்தபின் மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) முறுக்கச் சொல்லுங்கள். போல்ட்டைத் தளர்த்தும்போதே இன்ஜின் ஒரு பக்கம் நகர்ந்தால் விஷயம் அதுதான். ரப்பர் கிழிந்திருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். அப்படியே ஏசி பைப்போ சைலன்சர் தகடோ பாடியில் உரசுகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கிரீஸ்கை:
அதைப் பெல்ட் போட்டவர்களிடமே கொண்டுபோய்ச் செய்யச் சொல்லுங்கள், அவர்கள் கழற்றிய மவுண்டிங்தானே. முள்ளும் நடுக்கமும் ஒன்றாகத் தெரியும்படி டி-யிலும் என்-னிலும் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போனால் "ஓட ஓட செட் ஆகும்" என்று மறுபடி சொல்லமாட்டார்கள்.