வால்வு ஆம்ப்ளிஃபையரின் உள்ளே கண்ட கைவேலை

கோவை, கணபதியிலிருந்து:

நான் 25 ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டி வருகிறேன். கிணற்று மோட்டார்களும் மில் மோட்டார்களுமே வந்துகொண்டிருந்த என் பட்டறைக்கு, சென்ற ஆண்டு, தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர், அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 1966 ஆம் ஆண்டு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தூக்கி வந்தார். டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடுவது அது. 120 வோல்ட்டுக்கான பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகி, ஃபியூஸ் போனதும் பெரிய ஃபியூஸைப் போட்டு மறுபடி செருகியதில், பவர் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. "கட்ட முடியுமுங்களாண்ணா?" என்றார். காயில் என்றால் எல்லாம் காயில்தானே என்று வாங்கி வைத்தேன்.

இணைப்பை எடுத்த பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும் என்பதால், ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கைவைத்தேன். அச்சிட்ட போர்டு எதுவும் இல்லை. கறுப்பு ஃபைபர் அட்டையில் வரிசையாக அறைந்த பித்தளைக் கண்களில் ஒவ்வொரு ரெசிஸ்டரின் காலையும் நுழைத்துக் கையாலேயே ஈயம் வைத்திருந்தார்கள். வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் கம்பிகள் இரண்டையும் சடைபோல முறுக்கியிருந்தது அழகுக்காக அன்று. ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது தணித்துவிடுவதால், கிட்டாரின் மெல்லிய ஒலிக்குள் 'உம்' என்ற முனகல் நுழைவதில்லை.

ஓரத்தில் ஒட்டியிருந்த தாள்நாடாவில் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஆலையில் வயரிங் செய்தவர்களில் பலர் பெண்கள். தாம் முடித்த சேசிஸில் (உள் உலோகச் சட்டத்தில்) இப்படிப் பெயரிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. நான் கட்டிய மோட்டார் எதிலும் என் பெயரை எழுதியதில்லை. (எரிந்து திரும்பி வந்தால் கட்டியவன் யார் என்று தெரிந்துவிடுமே!)

மோட்டாரில் கம்பிக் கற்றையை ஸ்லாட்டுக்குள் தள்ளி மூங்கில் சீவலால் அடைத்துவிடுகிறோம். இந்த டிரான்ஸ்ஃபார்மரிலோ நூற்கண்டு போல ஒவ்வொரு சுற்றும் அடுத்ததை ஒட்டிப் படுத்திருக்க, அடுக்குக்கு அடுக்கு தாள் வைத்திருந்தார்கள். வீட்டு மின்சாரம் நுழையும் பிரைமரி சுற்று அடியில் இருந்ததால், மேலிருந்த உயர் வோல்ட், 6.3 வோல்ட், 5 வோல்ட் சுற்றுகள் அனைத்தையும் எண்ணிக்கொண்டே பிரிக்க வேண்டியிருந்தது. 230 வோல்ட்டுக்கு ஏற்ப பிரைமரியின் சுற்றுகளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, அதே இடத்தில் அடங்குமாறு மெல்லிய கம்பியில் கட்டினேன். இரண்டு நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாளானது. கோளாறு இருந்தாலும் மின்னோட்டம் மிகாதபடி தொடரில் இணைத்த சீரிஸ் பல்ப் வழியாகவே முதலில் மின்சாரம் கொடுத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்க, வால்வுகள் மெல்லச் சிவந்தன.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

கணபதி நண்பரின் கடிதத்தில் முறுக்கிய கம்பியைப் பற்றிப் படித்ததும், திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டிய என் அப்பாவின் வால்வு ஆம்ப்ளிஃபையர் நினைவுக்கு வந்தது. அதன் கம்பிகளையெல்லாம் மெழுகு நூலால், பூக்கட்டுவது போல, விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருப்பார்கள். ஒருமுறை பழுது பார்க்கும்போது அந்த முடிச்சுகளை வெட்டிவிட்டு பிளாஸ்டிக் டை போட்டேன். அப்பா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.