தெருமுனை மருத்துவரின் கவனிப்பு தரமானதுதானா என்று எப்படி அறிவது?

குடியாத்தத்துக்காரன் எழுதியது:

என் அம்மாவுக்கு வயது 68. பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ளன. நான் ஓசூரில் வேலை செய்வதால், மாதந்தோறும் எங்கள் தெருவிலுள்ள கிளினிக்குக்கு அவர் தனியாகவே போய்வருகிறார். பெரிய நோய் என்றால் வேலூர் சி.எம்.சி.க்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பேருந்து ஏறுவது எங்கள் ஊர் வழக்கம். மற்ற நாள்களில் அவரைப் பார்ப்பவர் இந்த மருத்துவர்தான். மாலையில் டோக்கன் நாற்பதைத் தாண்டுகிறது. கைராசிக்காரர் என்று ஊரே சொல்கிறது. கைராசியை நான் பழிக்கவில்லை. ஆனால் சென்ற மாதம் நான் உடன் சென்றபோது, அம்மா நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் சீட்டு எழுதி முடிந்திருந்தது. மருத்துவம் படிக்காத நாம் எதைப் பார்த்து இதை எடைபோடுவது?

ஓய்வுபெற்ற செவிலி, காட்பாடி:

தம்பி, கட்டடத்தையும் ஏசியையும் விட்டுவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் பார்க்க வேண்டும். முடிந்தால் இரண்டு முறை பார்க்க வேண்டும். மூச்சிரைக்க வந்தவருக்கு அவசரமாக எடுத்த அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால், வயதானவர் விடியற்காலையில் எழும்போது தலைசுற்றி விழுவார்.

அடுத்தது கால். சர்க்கரைக்காரரைச் செருப்பைக் கழற்றச் சொல்லாத மருத்துவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். நம் வேலூர் வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலுடன் சுற்றிவந்து, உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்ததே தெரியாமல், புண் புரையோடிய பிறகு வந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறாரா என்பதையும் கேளுங்கள்; பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் பத்தியம் இருந்து அந்த எண்ணை இறக்கிக்காட்டுவது நம் அம்மாக்களுக்குக் கைவந்த கலை. எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். அதோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினின் ஆகியவற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

மருந்தாளுநர், ஆற்காடு:

நான் சீட்டை வைத்துத்தான் மருத்துவரை அறிகிறேன். மருத்துவரின் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னெறி விதி. கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. இவை சிறிய விஷயங்கள்தாம். சாதாரணச் சளிக்கே ஆன்டிபயாட்டிக்கும், ஒவ்வொரு வருகைக்கும் ஓர் ஊசியும் எழுதுபவரைக் கண்டால் எனக்கு உறுத்தும். ஊசி போட்டால்தான் திருப்தி என்று நோயாளிகளே கேட்கிறார்கள் என்பதும் உண்மை. சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவருக்கு மூட்டுவலி மாத்திரையை மாதக்கணக்கில் எழுதினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அப்படி எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் அம்மாவுக்கு வீட்டிற்கே மாத்திரை வருகிறதா? வந்தால், அது கிளினிக் மருத்துவருக்குத் தெரியுமா? மாத்திரை அட்டையில் பெயர் வேறாக இருக்கும். உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும். "வேறு எங்காவது மாத்திரை வாங்குகிறீர்களா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கும் மருத்துவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

இராணிப்பேட்டை வாசகர்:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனாலும் அவசரத் தீர்ப்பு வேண்டாம். மருத்துவத்தின் தரத்தைக் கட்டமைப்பு (கட்டடம், கருவி, ஆள்), செயல்முறை (நோயாளியைக் கவனிக்கும் விதம்), விளைவு (நோயாளியின் உடல்நிலை) என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என டோனபீடியன் என்ற அறிஞர் 1966இலேயே எழுதினார். இவற்றில் விளைவை மட்டும் வைத்து அளந்தால் நல்லவர்களே தோற்றுப்போவார்கள். எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலையில் நாள்கூலிக்கு உழைப்பவர்கள் கையில் காசில்லாத வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்; அவர்களைக் குறைந்த கட்டணத்தில் பார்க்கும் மருத்துவரின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கூடுதலாக இருப்பது அவர் குற்றமா? நாற்பது டோக்கனும் அவர் விரும்பி வைத்துக்கொண்டதாக இராது. எனவே செயல்முறையைக் கவனியுங்கள். அதற்கு முன், எந்த மாத்திரை எதற்கு என்று அம்மாவையே கேட்டுப்பாருங்கள். அவரால் சொல்ல முடிந்தால், அந்த இரண்டு நிமிடத்திலும் யாரோ அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

குடியாத்தத்துக்காரன்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் போனில் கேட்டேன். ஒருமுறைகூடச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லையாம். கண் பரிசோதனை என்ற பேச்சே எழவில்லையாம். ஆனால் "வெள்ளை மாத்திரை கொதிப்புக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது சர்க்கரைக்கு" என்று தடுமாறாமல் சொன்னார்; டாக்டர்தான் சொல்லிக்கொடுத்தாராம். மருந்தாளுநர் ஐயா சந்தேகித்தது சரியாகிவிட்டது. சுகாதாரப் பணியாளர் கொடுத்த அட்டையிலும் கிளினிக் அட்டையிலும் அம்லோடிபின் என்ற கொதிப்பு மருந்தின் பெயரே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். அம்மா இரண்டையும் போடுகிறாரா, ஒன்றை மட்டும் போடுகிறாரா என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. விடுப்பு சொல்லிவிட்டு இன்றே ஊருக்குக் கிளம்புகிறேன். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மாலையில் அந்த மருத்துவரிடமே போகிறோம்.