டெவர்ஸ் முதல் பேஸ் ஆட மறுத்தது சரியா? பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி ரசிகர்களின் விவாதம், மே 2025

பச்சைச்சுவர்:
மே 2 அன்று மினசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தில், முதல் பேஸில் நிற்கும் நம் ஆட்டக்காரர் ட்ரிஸ்டன் காசஸ் முதல் பேஸை நோக்கி ஓடும்போது இடது முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். அவருக்கு இந்த சீசன் அதோடு முடிந்தது. உடனே பாஸ்டன் நிர்வாகம், பல வருஷம் மூன்றாம் பேஸில் நின்ற ராஃபேல் டெவர்ஸிடம் போய் முதல் பேஸ் ஆடச் சொல்லிக் கேட்டது. அவர் முடியாது என்று நிருபர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். மறுநாள் உரிமையாளர் ஜான் ஹென்றியே கான்சஸ் சிட்டிக்கு விமானம் ஏறிப் போய் அவரோடு பேச வேண்டி வந்தது.

பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனை 3 ஆண்டுக்கு 120 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். போன வருஷம் மூன்றாம் பேஸில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கியவர். டெவர்ஸ் அதே இடத்தில் வருஷா வருஷம் பந்தை விட்டவர். யார் அங்கே நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை டெவர்ஸுக்குச் சொன்ன விதம் மகா தவறு. இனிமேல் டி.எச். (களத்தில் நிற்காமல் மட்டை பிடிக்க மட்டும் வருபவர்) மட்டும்தான், கிளவை எடுத்து வைத்துவிடு என்று மார்ச்சில் சொல்லிவிட்டு, மே மாதம் கிளவோடு வா என்கிறார்கள்.

ஏழாம் இன்னிங்ஸ்:
313.5 மில்லியன் டாலர், 10 வருஷ ஒப்பந்தம். அவ்வளவு வாங்குற ஆளு டீமுக்கு ஒரு கஷ்டம்னா முன்னால வந்து நிக்கணும். 2023-ல பிலடெல்பியாவுல என்ன நடந்துச்சு? ரீஸ் ஹாஸ்கின்ஸ் மார்ச் மாசம் முழங்கால் போய் உட்கார்ந்துட்டார். பிரைஸ் ஹார்ப்பர் முழங்கை ஆபரேஷன் முடிஞ்சு டி.எச். ஆடிட்டு இருந்தார். காலமெல்லாம் அவுட்ஃபீல்டு ஆடினவர். நான் முதல் பேஸ் ஆடுறேன்னு அவரே வந்தார். அச்சு அசலா இதே நிலைமை. ஒருத்தர் தலைவர் மாதிரி நடந்துகிட்டார், இன்னொருத்தர் நிருபர்கிட்ட புகார் சொல்றார்.

கிளவ்காரி:
ஏழாம் இன்னிங்ஸ் அண்ணா, நீங்க சொன்ன உதாரணத்தை முழுசாப் பாருங்க. ஹார்ப்பர் முதல் பேஸில் முதல் முறை இறங்கினது ஜூலையில். அதுவரைக்கும் தினமும் பயிற்சி எடுத்தார். யோசனையும் அவரோடது. டெவர்ஸ்கிட்ட மே மாசம், சீசன் நடுவுல, மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடாத இடத்துல போய் நிக்கச் சொல்றாங்க. அதுவும் மூணே மாசத்துல ரெண்டாவது மாற்றம். நம்ம அணி நிர்வாகத் தலைவர் பிரெஸ்லோ தானே ஒரு பிட்சரா இருந்தவர், 2013 சாம்பியன் டீம்ல பந்து வீசினவர். ஒரு ஆட்டக்காரரோட மனசு அவருக்குத் தெரியாமப் போச்சேன்னுதான் எனக்கு வருத்தம்.

இந்த சீசன்ல டெவர்ஸ் டி.எச்.-ஆ இறங்கின முதல் அஞ்சு ஆட்டத்துல என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? 19 முறை அடிக்க இறங்கி ஒரு ஹிட்கூட இல்லை, 15 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் ஆகி வெளியேறறது). சும்மா உட்கார்ந்து இருந்துட்டு அடிக்க மட்டும் எழுந்து வர்றது எல்லாருக்கும் ஒத்துவராது.

பழைய ரசிகன்:
தங்கச்சி, அந்த ஐந்து ஆட்டங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தோள் வலியிலிருந்து மீண்டு வந்தவர் அவர். மார்ச் நடுப்பகுதி வரை பயிற்சி ஆட்டங்களில் சரியாக இறங்கவே இல்லை. வேகப் பந்துக்குக் கண் பழக அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பால்டிமோரில் முதல் ஹிட் வந்ததும் மெல்ல மெல்லப் பழைய டெவர்ஸ் வந்துவிட்டார். அதே டி.எச். இடத்தில்தான் இப்போதும் அடிக்கிறார். டி.எச். கெடுத்தது என்றால் இப்போது எப்படி அடிக்கிறார்?

டெக்சஸில் முதல் ஆட்டத்தை ஜெயித்து, அடுத்த நான்கையும் தோற்றபோது இங்கே எத்தனை பேர் மேனேஜர் கோராவை வீட்டுக்கு அனுப்பச் சொன்னீர்கள்! 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 31 தோற்றது. ஹார்ப்பர் அந்தக் குளிர்காலத்தில்தான் விட்டுப் போயிருந்தார். அவரை விட்டது தப்பு என்று ஊரே பேசியது. அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை அவர்கள் கையில்.

ஏழாம் இன்னிங்ஸ்:
நேஷனல்ஸ் கதையை எல்லாரும் சொல்றீங்க. நம்ம 2011 கதையை யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. முதல் ஆறு ஆட்டமும் தோல்வி, அப்புறம் 2 வெற்றி, 10 தோல்வின்னு நின்னோம். அதுக்குப் பின்னால நல்லா எழுந்து வந்தோம், செப்டம்பர்ல சரிஞ்சோம். முடிவுல நமக்கு 90 வெற்றி, 91 ஜெயிச்ச டாம்பா பே பிளேஆஃபுக்குப் போயிடுச்சு. ஒரே ஒரு ஆட்டம்! எல்லாரும் செப்டம்பரைத்தான் திட்டினாங்க. ஏப்ரல்ல தோத்த பத்துல ஒண்ணை ஜெயிச்சிருந்தாக்கூட சமநிலையைத் தீர்க்கற டை-பிரேக்கர் ஆட்டம் கிடைச்சிருக்கும். ஏப்ரல் வெற்றியும் ஒரு வெற்றிதான், செப்டம்பர் வெற்றியும் ஒரு வெற்றிதான். அதனால முதல் பேஸ்ல ஓட்டையை வச்சுக்கிட்டு பொறுமையா இருங்கன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியாது.

பச்சைச்சுவர்:
நீங்கள் சொல்லும் அவசரத்தை ஒப்புக்கொள்கிறேன். காசஸ் காயம்படும்போதே 0.182 சராசரியில்தான் (100 முறைக்குச் சுமார் 18 ஹிட்) அடித்துக்கொண்டிருந்தார். அதனால் அந்த இடத்தில் மட்டையால் பெரிய இழப்பு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதற்காக மாற்று ஆட்டக்காரர்களான ரோமி கொன்சாலெஸையும் ஆபிரகாம் டோரோவையும் வைத்து அக்டோபர் வரை ஓட்ட முடியாது.

ஆனால் ஹான்லி ராமிரெஸை நினைத்துப் பாருங்கள். 4 ஆண்டுக்கு 88 மில்லியன் கொடுத்து எடுத்து, 2015-ல் அவரை இடது ஃபீல்டில் நிறுத்தினோம். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை அவர் தேடி அலைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அடிப்பதும் படுத்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் முதல் பேஸுக்கு மாற்றி, வசந்தகாலப் பயிற்சி முழுக்கப் பழக்கினார்கள். 2016-ல் 30 ஹோம் ரன், 111 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். ஒரே ஆள், இரண்டு மாற்றம். ஒன்று நாசம், ஒன்று நன்மை. டெவர்ஸை முதல் பேஸுக்குத் தயார் செய்ய நினைத்திருந்தால் பிப்ரவரியிலேயே, பிரெக்மன் கையெழுத்துப் போட்ட அன்றே, தொடங்கியிருக்க வேண்டும். காசஸ் முன்பும் காயம்பட்டவர்தான், 2024-ல் பாதி சீசனுக்கு மேல் இல்லை. மாற்று ஆள் வேண்டும் என்று அப்போதே ஏன் தோன்றவில்லை? நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

கிளவ்காரி:
இதைத்தான் நானும் கேக்கறேன். இன்னொண்ணு. மூக்கி பெட்ஸை 2020-ல லாஸ் ஏஞ்சலஸுக்குத் தூக்கிக் கொடுத்தாங்க. போகார்ட்ஸை சான் டியேகோவுக்குப் போக விட்டாங்க. 2018 கோப்பை அணியில இருந்து நாங்க வளர்த்த பிள்ளைன்னு சொல்ல மிச்சம் இருக்கறது டெவர்ஸ் ஒருத்தர்தான். அவரையும் மனசு நோகவச்சு அனுப்பிட்டா, இந்த ஊர்ல யாரை நம்பி சட்டை வாங்கறது?

ஏழாம் இன்னிங்ஸ்:
பாசம் வேற, டீம் வேற தங்கச்சி. 2022, 2023 ரெண்டு வருஷமும் டிவிஷன்ல கடைசி இடம். 2024-ல 81 வெற்றி, 81 தோல்வி. அந்த மூணு வருஷமும் டெவர்ஸ் மூணாம் பேஸ்லதான் நின்னார். அவரை நோகவைக்காம இருந்து என்ன கண்டோம்?

அவர் மறுத்ததுனால அந்தச் சுமை இப்ப யார் தலையில விழுது தெரியுமா? கிறிஸ்டியன் கேம்ப்பெல். 22 வயசுப் பையன், ஏப்ரல்ல அமெரிக்கன் லீக் சிறந்த ரூக்கி (புதுமுகம்). ரெண்டாம் பேஸையே இன்னும் கத்துக்கிட்டு இருக்கார். அவரை முதல் பேஸ்ல நிக்கவச்சு பந்து பிடிக்கப் பழக்கறாங்க. 313 மில்லியன் வாங்கறவர் முடியாதுன்னா, 60 மில்லியன் ஒப்பந்தம் போட்ட பையன் சரின்னு தலையாட்டறான்.

பழைய ரசிகன்:
கேம்ப்பெல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பையனின் மட்டை ஏற்கெனவே தளர ஆரம்பித்திருக்கிறது. புது இடத்தையும் சேர்த்துத் திணித்தால் தாங்க மாட்டான். ஆனால் அதற்காக டெவர்ஸைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ஜூலை 31 டிரேட் கெடு வரை காத்திருக்காமல் வெளியிலிருந்து ஒரு முதல் பேஸ்காரரை இப்போதே வாங்கட்டும். அது பிரெஸ்லோவின் வேலை.

ஏழாம் இன்னிங்ஸ்:
மே மாசத்துல எந்த டீம் விக்கும் ஐயா? கடைசி இடத்துல இருக்கறவன்கூட இன்னும் நம்பிக்கையோடதான் இருக்கான். வித்தாலும் நம்ம மைனர் லீக் இளம் நட்சத்திரம் ரோமன் ஆந்தனியைத்தான் பதிலுக்குக் கேப்பான். அவரைக் கொடுப்பீங்களா?

பச்சைச்சுவர்:
ஆந்தனியைத் தொடவே கூடாது. யார் கேட்டாலும்.